ஆம்ப் ஆன் செய்ததும் 'டம்'மென்று அடிக்கிறதா? ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ரிலே போடுங்கள்

கம்பெனி ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் ஆன் ஆகும். அதைத் திறந்து, ஃபில்டர் கெப்பாசிட்டரை 4700-லிருந்து 10000 மைக்ரோஃபாரடுக்கு ஏற்றி, பழைய ஐ.சி. போர்டைக் கழற்றிவிட்டு 5200, 1943 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர்கள் கொண்ட போர்டை மாட்டிய பிறகுதான் 'டம்' ஆரம்பிக்கும். வூஃபர் கோன் ஒருமுறை துள்ளி அடங்கும். பாட்டுதான் நன்றாகக் கேட்கிறதே என்று பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த போர்டுகளுக்கு பிளஸ் 35 வோல்ட், மைனஸ் 35 வோல்ட் என்று இரட்டை சப்ளை. ஆன் செய்யும்போது இரண்டும் ஒன்றுபோல ஏறுவதில்லை. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நிதானத்துக்கு வரும்வரை அவுட்புட்டில் கொஞ்சம் டி.சி. (ஒரே திசையில் நிற்கும் மின்சாரம்) நிற்கும். ஒற்றை சப்ளை ஆம்ப் என்றால் அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது சார்ஜ் ஆகும்போது 'டம்' வந்தாலும் டி.சி. ஸ்பீக்கரில் தங்காது. இரட்டை சப்ளையில் அந்தத் தடுப்பும் கிடையாது.

'டம்' கூடப் பரவாயில்லை. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 35 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குள் போகும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை மீட்டரில் பார்த்தால் 6 ஓம்ஸ்தான் காட்டும். ஏறத்தாழ 6 ஆம்பியர், 200 வாட், எல்லாமே வெறும் சூடு. கோன் அசையாமல் ஒருபக்கம் ஒட்டி நிற்பதால், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்குக் காற்றும் கிடைக்காது. சில நொடிகளில் கருகிவிடும்.

ஆகவே நாம் போடப்போகும் ரிலே (மின்சாரத்தால் சேர்ந்து பிரியும் சுவிட்ச்) மூன்று வேலை செய்ய வேண்டும்: தாமதமாகச் சேர வேண்டும், ஆஃப் செய்ததும் உடனே விட வேண்டும், டி.சி. வந்தால் பிரிய வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் 'ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு' என்று கேட்டாலே கிடைக்கும். யு.பி.சி. 1237 ஐ.சி. உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று வேலையும் அதில் உண்டு. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரிலே மட்டும் இருக்கும் மலிவான போர்டு முதல் வேலையோடு நின்றுவிடும். என் கணக்கில் அது வீண் செலவு.

1. முதலில் அளவெடுங்கள்

மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 220 ஓம்ஸ், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டை கிரவுண்டோடு சேர்த்து, சீரீஸ் பல்பு (மெயின் வழியில் தொடராக மாட்டிய பல்பு; கோளாறு இருந்தால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும்) வழியாக ஆன் செய்யுங்கள். அவுட்புட்டில் டி.சி. வோல்ட் 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. வோல்ட் கணக்கில் நின்றால் ரிலே மருந்தல்ல; போர்டில் கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு, நேரடி சப்ளையில் இன்னொரு முறை ஆன் செய்து பாருங்கள். முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் இதற்கு அதுதான் வசதி. முள் துள்ளி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ரிலே அதற்குப் பிறகுதான் சேர வேண்டும். 3 முதல் 5 நொடி வழக்கமாகப் போதும்.

2. போர்டுக்கு சப்ளை

பலர் சறுக்குவது இங்கேதான். ஆம்பின் பெரிய கெப்பாசிட்டரிலிருந்தே ரிலே போர்டுக்கும் டி.சி. எடுத்தால், ஆஃப் செய்த பிறகும் அந்த 10000 மைக்ரோஃபாரட் காலியாகும்வரை ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும். ஆஃப் சத்தம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போகும்.

போர்டுக்கு ஏ.சி.யாகவே கொடுங்கள்; அப்போதுதான் ஆஃப் ஆனது அதற்கு உடனே தெரியும். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் 25-0-25 என்றால் அதன் 25 வோல்ட் பல போர்டுகளுக்கு அதிகம். தனியாக ஒரு 12-0-12, 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, 12-ஐயும் 0-வையும் எடுங்கள். அதன் பிரைமரி அதே பவர் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கட்டும். ரிலே மேல் 24 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் 12 போதாது, 18 வோல்ட் ஏ.சி. வேண்டும்.

3. வயரிங்

ஆம்ப் அவுட்புட் போர்டின் இன்புட்டுக்கு, போர்டின் அவுட்புட் ஸ்பீக்கர் பிளஸ்ஸுக்கு. ஸ்பீக்கர் மைனஸ் பவர் சப்ளையின் நடு கிரவுண்டுக்கு. போர்டின் கிரவுண்டையும் அதே இடத்தில் சேருங்கள். அது விட்டுப்போனால் போர்டுக்கு டி.சி. வந்ததே தெரியாது.

ரிலேயின் மேல் எழுத்தைக் கவனியுங்கள். 10 ஆம்பியர் என்பதற்குப் பக்கத்தில் 250 வோல்ட் ஏ.சி. என்றும், 30 வோல்ட் டி.சி. என்றும் இருக்கும். டி.சி.க்கு அவ்வளவுதான். அதைத் தாண்டிய 35, 50 வோல்ட் டி.சி.யைப் பிரிக்கும்போது தொடுமுனைகளுக்கு நடுவே தீப்பொறி அணையாமல் நீளலாம். ரிலே பிரிந்தும் ஸ்பீக்கர் எரியும். இதற்கு ஒரு வழி உண்டு: ஆம்பை என்.ஓ.விலும் (ரிலே சேர்ந்தால் மட்டும் இணையும் முனை), ஸ்பீக்கரைக் காமனிலும் (பொது முனை), என்.சி.யை (ரிலே விட்டிருக்கும்போது இணைந்திருக்கும் முனை) கிரவுண்டிலும் சேர்ப்பது. பொறி நீண்டாலும் மின்சாரம் கிரவுண்டுக்கு ஓடி, ஃபியூஸ் போகும். சப்ளை வழியில் ஃபியூஸ் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம்ப் காமனில் இருக்கும் ரெடிமேட் போர்டில் மட்டும் என்.சி.யை கிரவுண்ட் செய்துவிடாதீர்கள். ஆம்பே ஷார்ட் ஆகிவிடும்.

4. பேட்டரி சோதனை

ஆம்ப் அவுட்புட்டைக் கழற்றிவிட்டு, போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுங்கள். ரிலே 'டிக்'கென்று சேர்ந்ததும் 9 வோல்ட் பேட்டரியை போர்டின் இன்புட்டிலும் கிரவுண்டிலும் தொடுங்கள். ரிலே விட வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தாலும் விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற போர்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இரண்டு சேனலுக்கும் இதைச் செய்யுங்கள்.

எல்லாம் சரியென்றால் முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரைப் போட்டு ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஆன் சத்தம் இன்னும் லேசாக வந்தால் தாமதத்துக்கான கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்குங்கள். நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் போடும் என்.டி.சி. தெர்மிஸ்டரையும் (ஆன் ஆகும்போது பாயும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்) இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சுவிட்சையும் ஃபியூஸையும் காப்பாற்றும், ஸ்பீக்கரை அல்ல. பிரிட்ஜ் முறை ஆம்பில் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆம்பே ஓட்டும் முறை), டி.பி.ஏ. 3116 கிளாஸ் டி போர்டு உட்பட, ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்டில் இருக்காது. மேலே சொன்ன வயரிங்கை அதில் அப்படியே போட்டால் ஆம்போ ஸ்பீக்கரோ கெட்டுவிடலாம்.