புடவைக்கு ரவிக்கைத் துணி மேட்ச் ஆகிறதா? மூன்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

தங்கை கல்யாணத்துக்கு என் அரக்குப் பட்டுப்புடவையோடு கடைக்குப் போய் ரவிக்கைத் துணி எடுத்தேன். கடை விளக்கில் இரண்டும் ஒரே நிறம். முகூர்த்தத்தன்று காலை மண்டப வாசலில் நின்றால், ரவிக்கை மட்டும் செங்கல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்தச் சோதனை இல்லாமல் நான் துணியைத் தைக்கக் கொடுப்பதில்லை.

துணி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மீதிதான் நம் கண்ணுக்கு நிறம். விளக்கிலேயே அடர் சிவப்பு குறைவாக இருந்தால், துணி எதைத் திருப்பி அனுப்பும்? சாயம் வேறு வேறான இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொன்றில் பிரிந்து நிற்பது இதனால்தான். சாயத் தொழிலில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

படி 1: பகலில், நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம். புடவை முந்தானையையும் ரவிக்கைத் துணியையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் பச்சைச் சுவர் இருந்தால் அந்தச் சாயல் துணியில் விழும், இடத்தை மாற்றுங்கள்.

படி 2: இரவில் குண்டு பல்பை மட்டும் போடுங்கள். சுமார் 2700 கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா, வெள்ளையா என்று சொல்லும் அளவு), மஞ்சள் வெளிச்சம். கண் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள். சிவப்பும் மஞ்சளும் எடுப்பாகத் தெரியும், கருநீலம் கறுப்பாகிவிடும்.

படி 3: அப்புறம் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. இதில்தான் கவனம் தேவை. நீல ஒளி தரும் சில்லின் மேல் பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசித்தான் வெள்ளை ஒளியை உண்டாக்குகிறார்கள். மலிவான பல்புகளில் அடர் சிவப்பு குறைவு. பெட்டியில் சிஆர்ஐ என்ற எண் இருக்கும், விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. 80 சாதாரணம், 90க்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் அந்த எண் 8 மென்மையான நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, அதற்கு ஆர்9 என்று தனி எண். அரக்கு, குங்குமச் சிவப்பு எடுப்பவர்கள் சிஆர்ஐயை மட்டும் நம்ப வேண்டாம்.

சோடியம் தெருவிளக்கடியில் நிறம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

மூன்றிலும் ஒத்துப்போனால், சரி, தைக்கக் கொடுக்கலாம். ஒன்றில் மட்டும் பிரிந்தால், எப்போது உடுத்தப் போகிறீர்கள் என்று பாருங்கள். காலை முகூர்த்தம் என்றால் ஜன்னல் ஓரத்தில் பார்த்ததுதான் கணக்கு. கடையிலேயே முடிவெடுக்க வேண்டுமென்றால், "வாசல்ல வச்சுப் பாத்துட்டு வரேன்" என்று தயங்காமல் கேளுங்கள்.