பாரிமுனைக்கு ஒரு சீட்டோடு வாருங்கள்

சென்னையின் பாரிமுனையைச் சும்மா சுற்றிப் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தலைவலியோடு திரும்பிவிடுகிறார்கள். வெயில், இரைச்சல், நடக்க இடமில்லாத தெரு, எந்தப் பக்கம் திரும்பினாலும் மூட்டை. அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தத் தெருக்கள் வேடிக்கை பார்க்க வருகிறவருக்காக உருவானவை அல்ல. ஏதாவது வாங்க வேண்டும் என்று வருகிறவருக்குத்தான் அவை வழிவிடும். அதனால் முதல் வேலை, வீட்டில் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதுங்கள். நாலு பொருள் போதும். உண்மையாகவே தேவைப்படும் நாலு பொருள்.

நான் பெரம்பூரில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிறேன். அப்பா நடத்திய பட்டறை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தாள் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போவது பத்தொன்பது வருடப் பழக்கம். அந்தத் தெருக்கள்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தன. அவை காலியாகிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எந்த நாள் போவது? ஞாயிறு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பூட்டியிருக்கும். நடைபாதைக் கடைகள்தான் இருக்கும். வார நாளில் காலை பத்தரைக்கு அங்கே இருந்தால் நல்லது. ஷட்டர் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒன்று நினைவில் வையுங்கள். போணி ஆகாத கடையில் நாலு பொருளைக் கலைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்காதீர்கள். அது கடைக்காரருக்கு அன்று முழுக்க மனசை உறுத்தும். சின்னதாக ஒன்று வாங்கிவிட்டு, மற்றதை அப்புறம் விசாரிக்கலாம்.

வண்டி எடுத்து வராதீர்கள். மெட்ரோவில் உயர்நீதிமன்றம் நிலையத்திலோ மண்ணடியிலோ இறங்கலாம். நான் மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்துக்கு வருகிறேன். வழியில் ராயபுரம் நிலையம் வரும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். இறங்கிப் பார்க்கத் தோன்றினால் திரும்பும்போது பாருங்கள். காலை நேரம் கடைக்கு.

இப்போது தெருக் கணக்கு. இங்கே ஒரு பொருளுக்கு ஒரு தெரு. துணி என்றால் கோடவுன் தெரு. கண்ணாடி என்றால் தேவராஜ முதலி தெரு. பூ பத்ரியன் தெருவில். குழாய், இரும்புச் சாமான் செம்புதாஸ் தெருவில். கெமிக்கல், ஆய்வகச் சாமான்களுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. மிளகு, ஏலக்காய், முந்திரி என்று மளிகை வாங்க கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கந்தகோட்டம் இருக்கும் ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்து. இந்தக் கோயிலில்தான் வள்ளலார் இளவயதில் முருகனைப் பாடினார். தாளும் கல்யாணப் பத்திரிகையும் என் ஆண்டர்சன் தெருவில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து வடக்கே உள்ளே போகும் தெரு.

இத்தனை கடைகளும் இங்கே வந்ததற்குத் துறைமுகமும் ஒரு காரணம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. 1870களில் கட்டத் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 புயல் உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். கரையில் இறங்கிய சரக்கு முதலில் வந்து தங்கிய இடம் இந்தத் தெருக்கள். கோடவுன் தெரு என்ற பெயரைப் பார்த்தாலே தெரியும்.

சரி, ஆண்டர்சன் தெருவுக்கு வருவோம். இங்கே தொழில்காரர்கள் மட்டும்தான் வாங்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு ரீம், அதாவது 500 தாள் வாங்கினாலும் கொடுக்கும் கடைகள் உண்டு. பிள்ளைகளுக்கு ஓவியத் தாள், கடிதம் எழுத நல்ல தாள், பழைய புத்தகத்துக்குப் புது அட்டை, அதன் மேல் ஒட்டும் காலிகோ துணி என்று என்ன வேண்டுமோ கேளுங்கள். எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். "எழுபது ஜி.எஸ்.எம். மேப்லித்தோ" என்று தாளின் எடையையும் வகையையும் மனப்பாடம் செய்து கேட்பதைவிட, "மை பேனாவில் எழுதினால் பின்பக்கம் தெரியக் கூடாது" என்று கேட்டால் சரியான தாள் கைக்கு வரும்.

தாளைத் தொட்டுப் பார்க்க அவர்களே சொல்வார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அங்கே ஒரு சின்னக் கடையில் இருக்கும் பெரியவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம், தனியாக எடுத்த முதல் ஆர்டர் இருநூறு கணக்கு நோட்டு. அவசரத்தில் தாளை வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன். நாலே நாளில் அட்டை வில்லாக வளைந்து, பக்கம் படியாமல் நிமிர்ந்து நிற்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளை உருவி, நீளவாக்கில் ஒரு கிழி கிழித்தார். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அதே தாளைக் குறுக்கே கிழித்தார். பல்லுப் பல்லாகக் கோணிக்கொண்டு போனது. "நேரா கிழியுற பக்கம்தாம்மா நார் ஓடுது. நோட்டோட முதுகும் அதே பக்கம் ஓடணும். நீ குறுக்க வெச்சுத் தச்சிருக்க" என்றார். அப்புறம் இன்னொரு துண்டின் மேல் தண்ணீர் விரலைத் தடவி உள்ளங்கையில் வைத்தார். அது மெல்லச் சுருண்டு குழலானது. குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நார் ஓடும் திசை. அந்த இருநூறு நோட்டுக்கும் மறுபடி தாள் கொடுத்தார். பணத்தை மூன்று மாதத்தில் கட்டினேன்.

ஒருமுறை இணையத்தில் விலை குறைவாக இருக்கிறதென்று நாலு ரீம் வரவழைத்தேன். ஓரம் நசுங்கி, ஈரம் ஏறி வந்தது. நார் எந்தப் பக்கம் என்று கேட்க அங்கே ஆளே இல்லை. விலையில் மிச்சம் பிடித்தது வெட்டி எறிந்த ஓரத்திலேயே போய்விட்டது.

இந்தக் கடைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. கடையில் வந்து தொட்டுப் பார்த்து, பெயரையும் எடையையும் கேட்டுக்கொண்டு, அங்கேயே நின்று கைபேசியில் ஆர்டர் போடாதீர்கள். என் கண் முன்னால் இது நடக்கிறது. அரை மணி நேரம் எட்டுவிதத் தாளை இறக்கிக் காட்டிய பையன், பிறகு அவற்றைத் தனியாக மடித்து மேலே ஏற்றுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. காட்டியவரிடமே வாங்குங்கள். தமிழ்நாட்டில் செய்த தாளாகவே வேண்டும் என்றால், கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் டி.என்.பி.எல். தாளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பேரம் பேசலாமா? துணிக்கடையிலும் பர்மா பஜாரிலும் பேசலாம், அது அங்கே வழக்கம். தாள் கடையில் லாபம் ரீமுக்குச் சில ரூபாய்தான், நான் பேசுவதில்லை. மீன்பாடி வண்டிக்காரரிடம் பேசவே பேசாதீர்கள். நூறு கிலோ தாளை அந்தச் சந்துகளில் மிதித்துக் கொண்டுபோகும் மனிதர் கேட்கிற கூலியில் குறைக்க என்ன இருக்கிறது? பின்னாலிருந்து "ஓரம், ஓரம்" என்று சத்தம் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சட்டென்று கடைப் படியில் ஏறிவிடுங்கள். பாரத்தோடு வருகிறவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது.

மதியம் ஒரு மணிக்கு மேல் கால் வலிக்கும். அப்போது ஆர்மீனியன் தெருவிலிருக்கும் ஆர்மீனியர் தேவாலயத்துக்குப் போங்கள். 1772இல் கட்டியது. உள்ளே நுழைந்தால் தெருவின் சத்தம் பாதியாகிவிடும். கல்லறைக் கற்கள் பதித்த தாழ்வாரம், தனியாக நிற்கும் மணிக்கூண்டு, அதில் ஆறு பெரிய மணிகள். இந்த ஊருக்கு வியாபாரம் செய்ய வந்து இங்கேயே அடங்கிப்போனவர்களின் இடம். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி நடக்கலாம். வெளியே வந்து பாரிமுனை சந்திப்பில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல் தூணைத் தேடிப் பாருங்கள். 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சிய ஒன்று. கோட்டைக்கு வெளியே உள்ளூர்க்காரர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்துக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி ஆக்கியபோது, இதற்கு மேல் வீடு கட்டாதே என்று நட்டது. அந்த வெட்டவெளியில்தான் பின்னால் 1892இல் உயர்நீதிமன்றம் வந்தது.

சாப்பாட்டை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்கசாலைப் பக்கம் போனால் காக்கடா ராம்பிரசாத்தில் சுடச்சுட ஜிலேபியும் பாதாம் பாலும் கிடைக்கும். நெய் மிதக்கும் இட்லி வேண்டுமென்றால் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. ஆனால் என்னைக் கேட்டால் செகண்ட் லைன் பீச் தெருவில் ஒரு தட்டு அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து வியாபாரத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்குப் பிழைக்க இடமாக 1969இல் துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் உருவானதுதான் பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து, மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன் வாங்கிய கடைகளின் விலாசச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லின் பின்பக்கத்தில் என்ன தாள், என்ன எடை என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்த பில் கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை, எழுதித் தீர்ந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுபோங்கள். பெரியவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டுவார். காதருகே கொண்டுபோய் ஒரு சொடுக்கு. அப்புறம் பையனைப் பார்த்து எந்த அடுக்கிலிருந்து இறக்க வேண்டும் என்று சொல்வார்.