மருத்துவமனையில் சேரும் நாளிலிருந்தே பில்லை வாசிப்பது எப்படி?

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டுப் போனாலும், பில் கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் மதியம் கடந்துவிடுகிறது. நோயாளி சட்டை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் காத்திருப்பார்; வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு முறை போன் செய்திருப்பார். பில்லிங் கவுண்டரில் பன்னிரண்டு பக்கத் தாளை நீட்டி, கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் பேனாவால் சுட்டிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில், அந்த மனநிலையில், யாராலும் ஒரு பில்லை வரிவரியாக வாசிக்க முடியாது. ஆகவே பில்லை வாசிக்கும் வேலையை நோயாளியைச் சேர்க்கும் நாளிலேயே தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வர வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்பவர்களின் குடும்பத்தினரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

சேர்க்கும்போது எஸ்டிமேட் எனப்படும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்து, மாரடைப்பு போன்ற அவசர நிலைகளில் முதலில் சிகிச்சை, பிறகுதான் பணம். உயிரைக் காப்பாற்றுவதற்கான சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையாக இருந்தால் கேட்பதற்கு நேரம் தாராளமாக இருக்கும். "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னால், அதில் எத்தனை நாள் தங்குவது அடங்கும், எந்த வகை அறை, அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள் உண்டா, உள்ளே பொருத்தும் கருவியின் விலை சேர்ந்ததா, ரத்தம் ஏற்றினால் தனிக் கட்டணமா, பிசியோதெரபி யார் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் பேக்கேஜ் டிஸ்சார்ஜ் அன்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஒரு நாள் என்பதை இருபத்து நான்கு மணி நேரமாகக் கணக்கிடுகிறார்களா, அல்லது தங்கும் விடுதியைப் போல ஒரு குறிப்பிட்ட மணியோடு நாள் முடிகிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் பில்லின் உயரத்தைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய முடிவு. பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, அதே டாக்டரின் விசிட் கட்டணமும், அதே ஆபரேஷன் தியேட்டரின் கட்டணமும், நர்சிங் கட்டணமும் சேர்ந்தே உயரும். காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை அடியாக விழுகிறது. உங்கள் பாலிசி 5 லட்சம் ரூபாய்க்கு என்றும், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். வாடகை வித்தியாசமான 12,000 ரூபாயை நாமே கட்டிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் விகிதாசாரக் கழிவு என்றொரு விதி பாலிசியில் இருந்தால், டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்சிங் ஆகியவற்றிலும் எட்டில் ஐந்து பங்கை மட்டுமே காப்பீட்டு நிறுவனம் தரும். அந்தச் செலவுகள் 1,20,000 ரூபாய் என்றால் கிடைப்பது 75,000. மீதி 45,000 உங்கள் கையிலிருந்து. ஆக, 12,000 என்று எண்ணியது 57,000 ஆகிவிடுகிறது.

இதே விதிக்கு ஒரு வரம்பும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருந்துகள், பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதாசாரக் கழிவைச் செய்யக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தாது. மொத்தப் பில்லையும் விகிதம் போட்டு வெட்டியிருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பாலிசிப் பத்திரத்தில் அறை வாடகை வரம்பு, கோ-பே (செலவில் ஒரு பங்கை நாமே கட்டும் விதி), குறிப்பிட்ட நோய்களுக்கான உச்சவரம்பு ஆகிய மூன்று பகுதிகளையாவது வாசித்துவிட்டு அறையைச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்று: ஐசியு தவிர்த்த அறையின் வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை 18 முதல் அந்த வாடகைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கிடையாது; ஆகவே பில்லில் வேறு இடத்தில் அந்த எழுத்துகளைக் கண்டால் எதற்கு என்று கேளுங்கள்.

இனி தினசரி வேலை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், என்ன ஊசி எத்தனை முறை, ஆக்சிஜனை எப்போது வைத்து எப்போது எடுத்தார்கள், ஐசியுவிலிருந்து வார்டுக்கு எந்த மணிக்கு மாற்றினார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மாலையில் பில்லிங் கவுண்டரில் அதுவரையிலான இன்டெரிம் பில்லை, தொகை மட்டும் உள்ள சுருக்கமாக அல்லாமல், பிரேக்-அப் விவரத்தோடு கேட்டு வாங்கி நோட்டோடு ஒப்பிடுங்கள். நேற்று நடந்ததை நேற்றைய சிஸ்டர் இன்றும் நினைவில் வைத்திருப்பார்; ஒன்பது நாள் கழித்துக் கேட்டால் அவர் விடுப்பில் போயிருக்கலாம்.

என் தந்தை நிமோனியாவுக்காக ஒன்பது நாள் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். பில்லில் நெபுலைசேஷன், அதாவது மருந்தை ஆவியாகச் சுவாசிக்கக் கொடுப்பது, நாளொன்றுக்கு நான்கு முறை வீதம் ஒன்பது நாளுக்கும் 36 என்று இருந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு இரண்டு முறைதான் கொடுத்தார்கள் என்று என் நோட்டில் இருந்தது; கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டிலும் அப்படியே. 28 என்று இருக்க வேண்டியது 36 ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய தொகை மருந்துக் கணக்கில் இருந்தது. ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிய நாளில், பிரிக்காத ஆன்டிபயாடிக் குப்பிகள் ஆறு மீந்தன. வார்டு சிஸ்டர் அவற்றைப் பார்மசிக்குத் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். பில்லிலோ அவற்றின் விலை கழிக்கப்படவில்லை. கவுண்டரில் இருந்த தம்பியிடம் கோபப்படாமல் சார்ட்டையும் நோட்டையும் காட்டினேன். அவர் வார்டுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, "சார், ரிட்டர்ன் என்ட்ரி போட விட்டுப்போயிருக்கு" என்று சொல்லித் திருத்தித் தந்தார். யாரும் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று ஷிப்டுகளில் பலர் பதிவு செய்யும் கணக்கில் பிழை வரத்தான் செய்யும்; அதைப் பிடிக்க நம் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

பார்மசிப் பக்கங்களில் ரிட்டர்ன் வரிகளை முதலில் தேடுங்கள். பிறகு, ஐசியுவிலிருந்து மாற்றிய நாளுக்கு ஐசியு வாடகையும் அறை வாடகையும் இரண்டுமே முழு நாளுக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். "கிட்" என்று மட்டும் எழுதி உள்ளே என்ன என்று சொல்லாத வரிகளுக்கு விவரம் கேளுங்கள். விவரமில்லாத கிட், கையுறை, டயபர், உடன் இருப்பவரின் உணவு போன்றவற்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகத் தருவதில்லை. இதய ரத்தக் குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்திருந்தால் அதன் விலை, பிராண்டு பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவை பில்லில் தனியாக இருந்தே ஆக வேண்டும். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. அது அவ்வப்போது திருத்தப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிகளுக்கும் வரம்பு வந்தது. ஸ்டென்ட் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தருவார்கள். அந்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் பணமில்லாச் சிகிச்சை (கேஷ்லெஸ்) பெறுபவர்கள் இரண்டு நேர அளவுகளை நினைவில் வைக்க வேண்டும். 2024 மே மாதத்தில் காப்பீட்டு ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, முதல் அனுமதிக்கான முடிவை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது. இறுதி அனுமதிக் கடிதத்தில் எந்தத் தொகை ஏன் கழிக்கப்பட்டது என்று இருக்கும். அதன் நகல் இல்லாமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

காப்பீடு இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டால் அருகில் உள்ள மருத்துவமனையைச் சொல்வார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவதுதான் சரி. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், 2024 அக்டோபர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. சாலை விபத்து என்றால், "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

பணம் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. நகையை அடகு வைத்துப் புரட்டிய பணமானாலும் வங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்து அனுப்புங்கள். கட்டிய ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் ரசீது வாங்கி, இறுதிப் பில்லில் அவை அனைத்தும் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால், அதை டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே நிர்வாக அதிகாரியிடம் நேரில் சொல்லுங்கள். தள்ளுபடி கேட்பதிலோ தவணை கேட்பதிலோ கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்கிறவர்களுக்கே அது கிடைக்கிறது.

பில்லில் தகராறு தீரவில்லை என்றால் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். பணத் தகராறுக்காக நோயாளியையோ இறந்தவரின் உடலையோ தடுத்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. அவசரத்தில் கட்ட வேண்டி வந்தால், "ஆட்சேபனையுடன் கட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் கட்டுங்கள். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதி. மருத்துவமனை மீதான புகாருக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களின் குறைதீர் பிரிவுக்கும், பிறகு ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

வீடு திரும்பிய பிறகும் பைலை மூடிவிடாதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் மருந்து, பரிசோதனைச் செலவுகளையும் திரும்பக் கேட்கலாம். மருந்துக்கடை ரசீதுகளில் நோயாளியின் பெயரும் தேதியும் இருக்கும்படி கேட்டு வாங்கி, மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.