பழைய காரின் முன்பக்கத்தில் டொக் டொக் சத்தமா? நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்

பழைய காரில் முன்சக்கரத்துப் பக்கம் சத்தம் கேட்க ஆரம்பித்தால் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது ஷாக் அப்சார்பரைத்தான். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றி, பணத்தையும் கொடுத்துவிட்டு, காரை வெளியே எடுத்து முதல் பள்ளத்தில் இறங்கியதுமே அதே டொக் டொக். ஷாக் தேய்ந்துபோனால் கார் ஊஞ்சல் மாதிரி ஆடும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்திக்கொண்டு இறங்கும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கும். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் லொட லொடவென்று அடிப்பதற்கு அது காரணமாக இருப்பது குறைவு. அதனால் நான் அழுத்திச் சொல்வது இதுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கையால் தொட்டு உறுதி செய்யாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனுக்கு. சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் இதுதான் இருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து, மேலே பாடியில் ஸ்ட்ரட் மவுண்ட் என்ற ரப்பர் பாகத்தில் பிடித்திருக்கும். கீழே, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம். அதன் சக்கர முனையில் பால் ஜாயிண்ட் என்ற பந்து மூட்டு, உள்முனையில் புஷ் எனப்படும் ரப்பர் வளையங்கள். இடது வலது இரண்டையும் இணைக்கும் கம்பிக்கு ஸ்டெபிலைசர் பார் என்று பெயர், அதை ஸ்ட்ரட்டோடு (சில கார்களில் லோயர் ஆர்மோடு) இணைக்கும் குட்டிக் கம்பிதான் லிங்க் ராடு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: காரைக் காலி செய்து, சத்தத்தைக் கவனியுங்கள்

டிக்கியில் இருக்கும் ஜாக்கி, டூல்ஸ், கதவுப் பையில் கிடக்கும் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பானெட்டைத் தாங்கும் கம்பி அதன் கிளிப்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அடியில் உள்ள பிளாஸ்டிக் கவர் தொங்குகிறதா என்றும் பாருங்கள். இதிலேயே தீர்ந்துபோகும் சத்தங்கள் நிறைய.

அப்புறம் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஒரு சக்கரம் மட்டும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது லொட லொட என்றால் லிங்க் ராடு அல்லது ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ். பிரேக் பிடிக்கும்போதோ கிளம்பும்போதோ ஒரே ஒரு 'டொம்' என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபட்டால் மேலே ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங். காலையில் காரை எடுக்கும்போது கீச் கீச் என்று முனகினால், காய்ந்து இறுகிய ரப்பர்.

சஸ்பென்ஷன் போல ஏமாற்றும் வேறு சத்தங்களும் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் லொட லொட சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள்; உடனே நின்றால் அது பிரேக் பேட் அல்லது கேலிபர் (பேடை அழுத்தும் பாகம்) நகரும் பின் தளர்ந்து ஆடுவது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டக் டக் டக் என்று வேகத்துக்குத் தகுந்தபடி வந்தால் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஷாஃப்டின் வெளிப்பக்க மூட்டான சிவி ஜாயிண்ட். வேகம் கூடக் கூட ஊளையிட்டால் வீல் பேரிங்.

படி 2: ஜாக்கி இல்லாமலே செய்யும் சோதனை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒருவர் காரை மேலிருந்து பக்கவாட்டில் ஆட்ட, நீங்கள் சக்கரத்தின் பின்னால் கையை விட்டு லிங்க் ராடின் மூட்டில் விரலை வையுங்கள். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சின்ன 'கிளுக்' விரலுக்குத் தெரியும், சில நேரம் காதுக்குக் கேட்பதற்கு முன்பே. கிரீஸ் வெளியே வழிந்து ரப்பர் பூட் கிழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று: ஒரு பக்கம் மட்டும் காரைத் தூக்கி லிங்கை ஆட்டிப் பார்க்காதீர்கள். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இறுக்கமாக இழுத்து வைத்திருக்கும், தேய்ந்த மூட்டும் நல்லது போலவே தெரியும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டுமே ஒரே உயரத்தில் தொங்க வேண்டும்.

படி 3: தூக்கிப் பார்ப்பது

முதலில் பாதுகாப்பு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. கார் தயாரித்தவர் குறித்திருக்கும் இடத்தில் ஆக்சில் ஸ்டாண்டு (காரைத் தாங்கும் இரும்புத் தாங்கி) வைத்து, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். செங்கல், மரத்துண்டு அடுக்கி வைக்கும் வேலையே வேண்டாம்.

சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங், மறையாவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். அடுத்து 3 மணி, 9 மணி. இதில் ஆட்டம் என்றால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு என்ற கம்பியின் வெளிமுனை மூட்டான டை ராடு எண்ட், அல்லது அதற்கு உள்ளே இருக்கும் ரேக் எண்ட். டை ராடில் கையை வைத்தபடி இன்னொருவரை ஆட்டச் சொன்னால் எது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு நீளமான நெம்புகம்பியை லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள், பிறகு புஷ்களின் பக்கத்தில். ரப்பர் கொஞ்சம் நெளிவது இயல்பு. இரும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் விட்டிருந்தாலோ, ஆழமாக வெடித்திருந்தாலோ, இரும்பும் இரும்பும் தட்டினாலோ அதன் காலம் முடிந்துவிட்டது.

பால் ஜாயிண்டில் ஆட்டம் கண்டால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கி விழும், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. டை ராடு எண்டுக்கும் இதே கண்டிப்பு பொருந்தும்.

படி 4: லிங்க் ராடை மாற்றுவது

ஆரம்பத்தில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை கிடையாது. இரண்டு நட்டுதான், அலைன்மெண்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெடாது. ஆனால் பழைய காரில் அந்த இரண்டு நட்டும் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும், முக்கால்வாசி நேரம் அதற்குத்தான் போகும். முந்தைய நாளே வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டுவிடுங்கள். மரையைத் தேய்க்காமல் நட்டை மட்டும் திருப்பினால் துரு உள்ளே சிக்கி, பாதியில் இறுகி நின்றுவிடும்.

இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கி, ஸ்டாண்டில் வைத்துக் கழற்றுங்கள். நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் பந்து மூட்டும் சேர்ந்து சுற்றும், அதனால் ஸ்டட்டின் நுனியில் உள்ள குழியில் ஆலன் கீ கொடுத்தோ, பூட்டின் பின்னால் உள்ள தட்டையான இடத்தில் மெல்லிய ஸ்பேனர் கொடுத்தோ பிடித்துக்கொள்ள வேண்டும். ஆலன் கீயைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அடி வரை இறக்குங்கள், அரைகுறையாக நுழைத்துத் திருப்பினால் குழி வழுக்கிவிடும். வழுக்கிவிட்டால் பதற வேண்டாம், பழைய லிங்க் எப்படியும் குப்பைக்குத்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ரம்பத்தாலோ கிரைண்டராலோ நட்டை அறுத்துவிடலாம். பக்கத்தில் போகும் பிரேக் ஹோஸையும் சென்சார் வயரையும் மட்டும் தள்ளி வையுங்கள்.

புதிய லிங்க் துளைக்கு நேராக வரவில்லை என்றால் ஸ்டெபிலைசர் பாரை நெம்பி நேராக்குங்கள், பூட் கிழியாமல். லிங்குடன் வரும் புது லாக் நட்டையே போடுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

படி 5: புஷ் உள்ள பாகங்கள்

லோயர் ஆர்ம் மாற்றுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போகும்போது முறுக்கிக்கொள்வது ரப்பர்தான். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழிந்துபோகும். புதுப் புஷ் சில மாதங்களில் போய்விட்டது என்று பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும். போல்ட்டைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, காரின் எடையைச் சக்கரத்தில் கொண்டுவந்த பிறகு கடைசி இறுக்கு கொடுங்கள்.

கீச் சத்தத்துக்கு சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் அடங்கும். எந்த புஷ் என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி: ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள், எதில் நிற்கிறதோ அதுதான். இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ ரப்பரில் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

ஸ்ட்ரட் மவுண்ட் மட்டும் ஆரம்பத்தில் நீங்கள் தொடாமல் இருப்பது நல்லது. பானெட்டைத் திறந்தால் தெரியும் அந்த நடு நட்டு, அழுத்தி அடைக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் பாயும், உயிரே போகலாம். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வேலை முடிந்து சக்கரத்தை மாட்டியதும் வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். லோயர் ஆர்ம், டை ராடு, ஸ்ட்ரட் இவற்றில் எதையாவது கழற்றியிருந்தால் டயர் தேயும் முன் வீல் அலைன்மெண்ட் செய்துவிடுங்கள்.