சுற்றிவிட்ட பந்து ஏன் பக்கவாட்டில் பாய்கிறது? செய்து பார்க்கலாம் வாங்க

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் காயப்போடும் சிமெண்ட் களம் இந்தச் சோதனைக்கு அருமையான இடம். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கும். களம் இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி போதும். ஒரு டென்னிஸ் பந்து, அளக்கும் டேப், சாக்பீஸ், முகப்பவுடர், ஸ்லோமோஷன் எடுக்கும் போன் இருந்தால் சரி.

முதல் வேலை உயரத்தை அளப்பது. சுவரில் 100 செ.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். பந்தின் அடிப்பக்கம் கோட்டுக்கு நேராக இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் கையை எடுங்கள். பந்து எவ்வளவு எழும்பியது என்று வீடியோவில் பாருங்கள். அதை 100ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 56 செ.மீ. என்றால் விடை சுமார் 0.75. இதுதான் மீட்சியளிப்புக் குணகம்: வந்த வேகத்தில் முக்கால் பங்கோடு பந்து கிளம்பியிருக்கிறது. மிச்ச ஆற்றலில் பெரும்பகுதி, ரப்பர் நசுங்கி விரியும்போது வெப்பமாகிவிடுகிறது. சர்வதேச டென்னிஸ் விதிப்படி வழக்கமான ஆட்டப்பந்து 254 செ.மீ.யிலிருந்து விழுந்தால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். கணக்குப் போட்டால் அதுவும் 0.73க்கும் 0.76க்கும் நடுவில்தான் வரும். உழுத செம்மண்ணில் போட்டால் பந்து எழும்பவே எழும்பாது. மண் அமுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும்.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே உயரத்திலிருந்து பந்தை விரல்களால் நன்றாகச் சுற்றிவிட்டு (பம்பரம்போல் அல்ல, உருளும் சக்கரம்போல்), நேர்கீழாகப் போடுங்கள். பக்கவாட்டில் துளியும் வேகம் இல்லாத பந்து, தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் பாயும்! பந்தின் அடிப்பக்கம் இடப்பக்கமாகத் தேய்ந்தால், உராய்வு அதை எதிர்த்து வலப்பக்கம் தள்ளுகிறது. பந்தின் சுழற்சியும் அதனால் குறைகிறது.

உராய்வுதான் காரணமா என்று சந்தேகமா? தரையில் பவுடரைத் தூவி மறுபடி போடுங்கள். பாய்ச்சல் குறையும். ஆனால் எழும்பும் உயரத்தைப் பாருங்கள், அநேகமாக மாறியிருக்காது. உயரத்தை முடிவு செய்வது மீட்சி; பக்கவாட்டு ஓட்டத்தை முடிவு செய்வது உராய்வு. புதிதாகப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உராய்வு கொடுக்கும் தள்ளலுக்கு உச்சவரம்பு உண்டு. தரை மேல்நோக்கிக் கொடுக்கும் கணத்தாக்கை (விசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது) உராய்வுக் குணகத்தால் (பந்தும் தரையும் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று காட்டும் எண்) பெருக்கினால் வருவதுதான் அந்த வரம்பு.

அப்புறம் பவுடரைத் துடைத்துவிட்டு, பந்தைச் சுற்றாமல் சுமார் 45 பாகைச் சாய்வில் எறியுங்கள். இந்தத் தடவை உராய்வு பந்தின் முன்வேகத்தைப் பிடித்திழுத்து, அதில் ஒரு பகுதியைச் சுழற்சியாக மாற்றும். தேய்வது நின்று உருளத் தொடங்கினால், டென்னிஸ் பந்து போன்ற உள்ளீடற்ற பந்துக்கு முன்வேகத்தில் ஏறக்குறைய 5இல் 3 பங்கு மிஞ்சும். கெட்டியான பந்து என்றால் 7இல் 5 பங்கு. எடை ஓட்டில் மட்டும் இருக்கும் பந்தைச் சுழலவைப்பது கடினம், அதனால்தான் அது அதிக வேகத்தை இழக்கிறது.