வீடு சாமி கும்பிடும், பிள்ளை கும்பிடாது: கல்யாணத்தைப் பேசி முடிக்க ஒரு வழி

சாமி நம்பிக்கை இல்லாத பிள்ளையும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் அம்மாவும் ஒரே வீட்டில் பல வருடம் சண்டையில்லாமல் காலம் தள்ளிவிடலாம். பிள்ளை விபூதி பூசாது, அம்மா கண்டுகொள்ள மாட்டார். கல்யாணப் பேச்சு எடுத்ததும்தான் சிக்கல். கோயில் திருவிழா என்றால் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். மணமேடையில் உட்கார வேண்டிய ஆளே ஒதுங்க முடியாது.

ஆகவே பேச்சை ஜாதகம் தரகர் கைக்குப் போகும் முன்பே தொடங்கிவிடுங்கள். பூ வைத்த பிறகு ‘எனக்கு ஐயர் வேண்டாம்’ என்றால் அது உங்கள் வீட்டு விவகாரமாக இருக்காது. சம்பந்தி வீட்டின் முன்னால் அப்பாவுக்கு ஏற்பட்ட தலைகுனிவாகிவிடும். அதன் பிறகு அவர் கடவுளுக்காக வாதாட மாட்டார், கொடுத்த வாக்குக்காக வாதாடுவார். அதை யாராலும் ஜெயிக்க முடியாது.

உட்காருமுன் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘மந்திரம் இல்லாமல் நடந்தால் செல்லுமா?’ என்ற பயம் வெறும் வீம்பு அல்ல. 1953இல் சென்னை உயர் நீதிமன்றமே, புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் நடத்தும் சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் குறையைத் தீர்க்க, அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும்: இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது. புரோகிதர் தேவையில்லை. பெரிய கூட்டமும் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இரண்டு இடத்தில் இது கைகொடுக்காது. இது தமிழ்நாடு, புதுச்சேரிக்கான பிரிவு. மண்டபம் பெங்களூரு என்றால் இதை நம்பி இறங்காதீர்கள். இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்). ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதற்கு 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி வேண்டும். அறிவிப்பு கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். மண்டபத் தேதியை இதற்கேற்ப பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இனி பேச்சு. பத்திரிகை அடிப்பதிலிருந்து மறுவீடு வரை எல்லாச் சடங்கையும் வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவது அம்மாவாகவோ அத்தையாகவோ இருக்கட்டும். அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். நீங்கள் எழுதினால் பாதி விட்டுப்போகும், விட்டதெல்லாம் கடைசி வாரத்தில் முளைக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: ‘இதை விட்டால் யாருக்கு என்ன குறை?’

இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சாமி குத்தம் ஆயிடும்’ என்றால் அது நம்பிக்கை. ‘பெரியப்பா வீட்டுல என்ன பேசுவாங்க’ என்றால் அது ஊர் வாய். ‘எங்க அம்மா எனக்குப் பண்ணாங்க’ என்றால் அது ஏக்கம். மூன்றுக்கும் மருந்து வேறு. நம்பிக்கைக்கு மாற்று, அவர்களே அதைச் செய்துகொள்ள இடம் விடுவது: குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பெற்றோர் போகட்டும், நீங்கள் வண்டி ஓட்டுங்கள். ஊர் வாய்க்கு, பெரியப்பாவிடம் நீங்களே முன்கூட்டிப் போய்ச் சொல்வது. பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பெரியப்பாதான் ஆபத்து. ஏக்கத்துக்கு எதிராக வாதமே செய்யாதீர்கள். நலங்கில் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொள்வதால் யாருடைய பகுத்தறிவும் கரைந்துவிடாது.

எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. நம்பாத ஒன்றை உங்கள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. நம்பும் ஒன்றை அவர்கள் கையால் செய்வதை நீங்கள் தடுக்கக் கூடாது. மந்திரத்தைத் திருப்பிச் சொல்லி சங்கல்பம் செய்வது முதல் வகை, மறுக்கலாம். அம்மா அட்சதை போடும்போது முணுமுணுக்கும் வேண்டுதல் இரண்டாவது வகை, அது அவர் பாடு.

பேச்சை உடைக்கும் சொற்கள் இரண்டு பக்கமும் உண்டு. பிள்ளை பக்கத்தில் ‘மூடநம்பிக்கை’. அம்மா அறுபது வருடமாகச் செய்ததை ஒரே சொல்லில் முட்டாள்தனம் என்று சொன்ன மாதிரி. பெற்றோர் பக்கத்தில் ‘சாமிய எதிர்த்தவன் உருப்பட்டதில்ல’. அது சாபமாகத்தான் காதில் விழும். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் வந்தால் நிறுத்துங்கள். அது இந்த மாதத்தில் முடியாது, மண்டபத்துக்கு முன்பணம் இந்த மாதம் கட்ட வேண்டும்.

ஜாதகத்தில் பலர் வழுக்குகிறார்கள். நமக்குத்தான் நம்பிக்கை இல்லையே என்று பிறந்த நேரத்தை மாற்றிப் பொருந்துகிற ஜாதகமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பின்னால் தெரியவந்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் காரணம் அதுதான். சரியான நேரத்தைக் கொடுங்கள், பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: ‘பொருந்தலன்னா என்ன செய்வீங்க?’ காதல் திருமணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஜாதகம் நீட்டுவது கழுத்தை நீட்டுவதுதான்.

தேதிக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 முதல் 1.30 வரை, ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. காலைப் பொழுது இரண்டிலும் படாது. பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாளாக வரும் ஞாயிறு ஒன்றைப் பிடித்துவிட்டால் அவர்களுக்கு நல்ல நேரம், உங்களுக்கு விடுமுறை நாள். ராகு காலத்தில் வேண்டுமென்றே நடத்துவது திராவிடர் இயக்கக் குடும்பங்களின் வழக்கம். அங்கே அதற்கு அர்த்தம் உண்டு, வீடே அந்தக் கொள்கையில் நிற்கிறது. நம்பிக்கையுள்ள பெற்றோர் முன்னால் செய்தால் அது வெறும் சீண்டல்.

பத்திரிகையில் பிள்ளையார் சுழி சண்டைக்கு, இரண்டு வீட்டாரும் தனித்தனியே அடிப்பதே தீர்வு. செலவு கொஞ்சம்தான் கூடும். நண்பர்களுக்குப் போவதில் குறள் இருக்கட்டும்.

தாலியை மாப்பிள்ளையின் கொள்கை முடிவு செய்யக் கூடாது. கழுத்து பெண்ணுடையது. அவர் வேண்டாம் என்றால் சட்டத்தில் தடையில்லை. வேண்டும் என்றால் மந்திரமில்லாமல், பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கட்டலாம். ‘ஐயர் வேண்டாம், ஓதுவார் தேவாரம் பாடித் தமிழ்முறையில் நடத்தலாமே’ என்று யாராவது சமரசம் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் அதுவும் சமயத் திருமணம். தலையாட்டும் முன் நினைவிருக்கட்டும்.

மேடையில் ஆக வேண்டியது அரை மணி நேர வேலை: வரவேற்பு, உறுதிமொழி, மாலை மாற்றல், வாழ்த்துரை. உறுதிமொழியில் கவிதை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ‘உங்களை என் கணவராக ஏற்கிறேன்’, ‘உங்களை என் மனைவியாக ஏற்கிறேன்’ என்ற வாக்கியங்கள் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். ‘இணையராகப் பயணிப்போம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்காதீர்கள். கெடுவது பெரும்பாலும் வாழ்த்துரையில். ஆளுக்கு ஐந்து நிமிடம், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். சாமியைக் கிண்டல் செய்து கைதட்டு வாங்கும் பேச்சாளரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: முன்வரிசையில் பாட்டி இருக்கிறார், பந்திக்கு இலையும் போட்டாகிவிட்டது.

பெற்றோருக்காகக் கோயிலில் ஒரு முறை, மண்டபத்தில் ஒரு முறை என்று முடிவானால் இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள். வேறு வேறு நாளில் நடந்தால் எது திருமண நாள் என்று பதிவின்போது இழுபடும். மாலை மாற்றுவதையும் உறுதிமொழியையும் குரல் கேட்கும்படி வீடியோ எடுத்து, பத்திரிகையில் இரண்டு பிரதி பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த முறையில் நடந்த திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்தெந்தச் சான்று கேட்பார்கள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள். செல்லுமா என்ற அவருடைய கேள்வியை அங்கேயே அவர் வாயால் கேட்டுக்கொள்ளட்டும்.