பையருக்கு எழுதும் மெயிலில் 'சீப்' எங்கே வரலாம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காக, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதுதான் என் பிழைப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் டிராஃப்டில் நான் முதலில் தேடி அடிப்பது 'சீப்' என்ற சொல்லைத்தான். 'தீஸ் டி-ஷர்ட்ஸ் ஆர் வெரி சீப்' என்று எழுதியிருப்பார்கள். விலை குறைவு என்பது அவர்கள் நினைப்பு. படிக்கிற பையருக்கோ, நாலு தடவை துவைத்தால் கழுத்து ரிப் தொங்கிப்போகும் சரக்கு என்றுதான் படும்.

பாவம், அந்தச் சொல் பிறந்தபோது இந்தக் கெட்ட பெயர் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது வெறும் வியாபாரம், சந்தை. லண்டனில் சீப்சைடு, ஈஸ்ட்சீப் என்று தெருக்கள் இருக்கின்றனவே, அவை பழைய கடைவீதிகள். லாபமாக வாங்கினால் 'குட் சீப்' என்பார்கள், நல்ல பேரம் என்று. நாளடைவில் 'குட்' உதிர்ந்து, மிச்சமிருந்த 'சீப்' மட்டுமே குறைந்த விலையைச் சொல்லும் பெயரடையாகிவிட்டது. டச்சுக்காரர்கள் இன்றும் அந்த 'நல்ல'வை விடாமல்தான் சொல்கிறார்கள். விலை மலிந்தால் தரமும் மட்டம் என்ற சந்தேகம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, எழுதும்போது என்ன செய்வது? பொருள்தான் சீப், விலை 'லோ'. 'சீப் பிரைஸ்' பேச்சில் ஓடும். கொட்டேஷனில் 'லோ பிரைஸ்' என்றே போடுங்கள். நம் சரக்கைச் சொல்லும்போது 'காம்பெட்டிட்டிவ் பிரைஸ்' அல்லது 'குட் வேல்யூ'. 'சீப் அண்ட் பெஸ்ட்' நம்மூர் போர்டுக்குச் சரி, வெளிநாட்டுக்காரருக்குக் குழப்பம். 'சீப்லி மேட்' என்றால் மட்டமாகத் தைத்தது. கிட்டத்தட்ட கம்ப்ளெய்ன்ட் மெயிலின் வாசகம். பஸ் டிக்கெட், ரூம் வாடகை என்று நாம் வாங்குவதைப் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம், அங்கே அது சந்தோஷச் சொல்.

ஆளைச் சொல்லும்போதுதான் பெரிய வம்பு. நம்மூரில் 'சீப்பா நடந்துக்காதே' என்றால் தரங்கெட்டு நடக்காதே என்று அர்த்தம். அமெரிக்கரிடம் 'ஹி இஸ் சீப்' என்றால் கஞ்சன். பீஸுக்கு இரண்டு சென்ட் குறைக்கச் சொல்லி இழுத்தடிக்கும் பையரை மனசுக்குள் எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், மெயிலில் அவரை 'காஸ்ட் கான்ஷியஸ்' என்று எழுதுங்கள்.